அடுக்கி வைத்த நாற்காலிகள்

‘அப்பாவுக்கு 61 வயது. போன மாதம் சுகர் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று மாதச் சராசரி 8.2. மாத்திரை ஆரம்பித்தாயிற்று. வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?’ என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கூடவே, சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய யோசனைகளும் இருந்தன: நாவல்கொட்டைப் பொடி, ஆவாரம்பூ டீ, வெறும் வயிற்றில் பாகற்காய் ஜூஸ், முப்பதே நாளில் மாத்திரையைத் தூக்கி எறிய வைக்கும் ஒரு பாக்கெட். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு மதிப்பிட்டது. பாக்கெட் விற்பவர்களும் அதைப் படித்திருப்பார்கள்.

பொடிகளை ஓரமாக வைத்துவிட்டு அப்பாவின் தொடைத் தசைக்குள் போவோம். எனக்குப் பிடித்த சங்கதி அங்கேதான் இருக்கிறது.

ஆரோக்கியமான ஒருவரின் ரத்தம் முழுவதையும் சேர்த்தால்கூட அதில் இருக்கும் சர்க்கரை ஏறக்குறைய 5 கிராம்தான், ஒரு டீஸ்பூன் அளவு. ஒரு தட்டுச் சோறு அதைப்போலப் பத்து மடங்கைக் கொண்டுவந்து கொட்டும். அதில் பெரும்பங்கைக் கல்லீரலும் தசையும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் சர்க்கரையால் தசைச் செல்லின் சவ்வைத் தானாகத் தாண்ட முடியாது. குளுட்-4 என்ற புரதம் ஏற்றிவிட வேண்டும். வேடிக்கை என்னவென்றால், நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அந்தப் புரதத்தில் பெரும்பகுதி சவ்வுக்கே வருவதில்லை. செல்லுக்குள் சின்னச் சின்னக் குமிழிகளில் சுருண்டு கிடக்கிறது.

கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். விருந்தாளிகள் (சர்க்கரை) கூட்டமாக நிற்கிறார்கள். நாற்காலிகளோ (குளுட்-4) ஸ்டோர் ரூமில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கின்றன. மேனேஜர் (கணையம்) ஸ்டோருக்குப் போன் போட்டால் (இன்சுலின்) பையன்கள் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். டைப் 2 சர்க்கரை நோயில் அந்த போன் லைன் கரகரவென்று இரைகிறது. மேனேஜர் பத்து முறை கூப்பிட்டால் இரண்டு நாற்காலி வருகிறது. வருடக்கணக்கில் கத்திக் கத்தி அவருக்குத் தொண்டையும் கட்டிப்போகிறது.

நடக்கையில் தசை சுருங்கும்போது கதை மாறுகிறது. சுருங்கும் செல்லுக்குள் கால்சியம் பாய்கிறது, எரிபொருள் குறைகிறது. இவை இரண்டும் இன்சுலினைக் கேட்காமலேயே, வேறு வழியாக, குமிழிகளைச் சவ்வுக்கு நகர்த்துகின்றன. டைப் 2 நோயாளியின் தசையில் இன்சுலின் வழி மந்தமாகிவிட்டாலும் இந்த வழி பெருமளவு பழுதில்லாமல் இருக்கிறது. அதாவது, போனுக்குக் காத்திராமல் பெண் வீட்டு மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே ஸ்டோருக்குள் புகுந்துவிடுகிறார். நடை நின்ற சில மணி நேரத்தில் நாற்காலிகள் திரும்ப உள்ளே போய்விடும். ஆனால் அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு நாள் வரை போன் லைன் கொஞ்சம் தெளிவாகக் கேட்கும். வாரக்கணக்கில் விடாமல் நடந்தால் மண்டபம் புது நாற்காலியே வாங்கிப் போடும். செல் கூடுதலாக குளுட்-4 தயாரிக்கும். உள்ளே வந்த விருந்தாளிகளைத் தசை எரித்துவிடும் என்பதால் உவமையை இத்தோடு நிறுத்துவதுதான் மரியாதை.

வரலாறு கேட்பவர்களுக்கு: வைக்கோல் மெல்லும் குதிரையின் முகத் தசை அதிகச் சர்க்கரையை இழுத்துக்கொள்வதை ஷோவோ, காஃப்மன் என்ற பிரெஞ்சுக்காரர்கள் 1887இலேயே அளந்துவிட்டார்கள். அப்போது இன்சுலின் என்ற பெயரே கிடையாது. சர்க்கரையை ஏற்றிவிடும் புரதம் உள்ளிருந்து சவ்வுக்கு நகர்கிறது என்பதை 1980இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டின. போதும்.

எப்போது நடப்பது? நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வில், டைப் 2 நோயாளிகள் 41 பேர் ஒருமுறை தினமும் இஷ்டப்பட்ட நேரத்தில் 30 நிமிடமும், மறுமுறை மூன்று வேளையும் சாப்பிட்டபின் பத்துப் பத்து நிமிடமும் நடந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை இரண்டாவது முறையில் சராசரியாக 12 சதவீதமும், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 22 சதவீதமும் குறைவு. ஆள் குறைவு, காலமும் ஒவ்வொன்றுக்கும் இரண்டே வாரம். ஆகவே இதை வைத்து யாரும் பாக்கெட் அச்சடிக்க வேண்டாம். செலவில்லாத பத்து நிமிடத்துக்கு இந்த ஆதாரம் தாராளம்.

சர்க்கரை நோயை ‘ரிவர்ஸ்’ செய்ய முடியுமா என்றும் வாசகி கேட்டிருக்கிறார். 2017இல் வெளியான பிரிட்டனின் டைரக்ட் ஆய்வில், கடுமையான உணவுத் திட்டத்தில் இருந்தவர்களில் 46 சதவீதம் பேருக்கு ஓராண்டில் மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. இரண்டாம் ஆண்டில் அது 36 சதவீதமானது. அவர்கள் குடித்தது மூலிகை அல்ல. மாதக்கணக்கில் சாப்பாட்டுக்குப் பதில் அளந்து கொடுத்த சூப்பும் ஷேக்கும், அதுவும் மருத்துவக் கண்காணிப்பில்.

ஆகவே அம்மணி, அப்பாவின் தட்டைப் பார்த்துக் கணக்கெடுக்கும் போலீஸ் வேலையை விடுங்கள். அது பெரும்பாலும் ஒளித்துச் சாப்பிடவே கற்றுக்கொடுக்கும். வீட்டில் எல்லாருக்கும் சோறு கொஞ்சம் குறைந்து, காயும் சுண்டலும் கூடட்டும். ராத்திரி சாப்பிட்டதும், ‘அப்பா, கடை வரைக்கும் போயிட்டு வரலாமா?’ என்று கூடவே கிளம்புங்கள். செருப்பு கடிக்காததாக இருக்கட்டும்.

கிளம்புமுன் மாத்திரைச் சீட்டைப் பாருங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் நடையால் சர்க்கரை தாழும் பயம் மிகக் குறைவு. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ இருந்தால் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வழியில் வியர்த்து, கை நடுங்கி, படபடத்தால் உடனே வாயில் போட மூன்று ஸ்பூன் சர்க்கரை பையில் இருக்கட்டும். டைப் 2 கண்டுபிடிக்கும் முன்பே சிலருக்கு விழித்திரை பாதிக்கத் தொடங்கியிருக்கும், பார்வையில் அது தெரியாது. அப்பாவுக்கு இன்னும் விழித்திரைப் பரிசோதனை ஆகவில்லை என்றால், இந்த வாரமே கண் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.