குழாய் வழி உணவும் குளிசையும்

கட்டுகஸ்தோட்டையில் ஒரு சகோதரியின் வீட்டுக்குச் சென்றபோது கணவரின் மூக்குக் குழாய் அடைபட்டிருந்தது. 2009 இல் வன்னியில் ஷெல் துண்டு தலையில் பட்டதால் விழுங்க முடியாதவர். "எல்லாக் குளிசையையும் ஒன்றா இடிச்சுப் பாலோட கலந்து விட்டனான் மிஸ். இப்ப வலிப்பும் அடிக்கடி வருது" என்றார். அவரில் பிழையில்லை, யாரும் விளக்கியிருக்கவில்லை.

வலிப்புக்கான பெனிற்றொயின் குழாய் உணவோடு கலந்தால் உடலில் சரியாகச் சேராது. உணவுக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி என்பதைக் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். குளிசைகளைத் தனித்தனியே பொடியாக்கி நீரில் கரைத்து, ஒவ்வொன்றுக்குப் பின்னும் கொதித்தாறிய நீர் விட வேண்டும். மெதுவாகக் கரையும் குளிசைகளைப் பொடியாக்கவே கூடாது. திரவ மருந்து கிடைக்குமா என்று கேளுங்கள்.

உணவு விடும்போதும் பின்னர் அரை மணி நேரமாவதும் தலைப்பக்கம் நன்கு உயர்ந்திருக்க வேண்டும். அங்கே தலையணை போதவில்லை. பழைய சேலைகளை மூட்டையாகக் கட்டி முதுகுக்கு வைத்தோம்.

மூக்கருகே குழாயில் இட்ட அடையாளம் நகர்ந்திருந்தால் ஒரு துளியும் விடாதீர்கள், குழாய் சுவாசப்பைக்குள் போயிருக்கலாம். மூச்சுத் திணறினால் உடனே 1990 க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்சுக்குக் கட்டணமில்லை.

குழாய் மாற்றி வந்தபின் அவர் கலண்டர் தாளின் பின்புறத்தில் மருந்து நேரங்களை எழுதினார். எழுத்தறியாத மாமியாருக்காகப் பக்கத்தில் நிறப் புள்ளிகளும் வைத்திருக்கிறார்.