705 கி.மீ. உயரத்திலிருந்து கார்பன் கணக்கு

நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு ஆகியவற்றை எரித்து உலகம் ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுகிறது. இதில் ஏறக்குறையப் பாதிதான் காற்றில் தங்குகிறது. மீதியைக் கடலும் காடும் மண்ணும் இழுத்துக்கொள்கின்றன. எந்தக் காடு, எந்த ஆண்டில், எவ்வளவு இழுத்தது? ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958-இல் சார்லஸ் கீலிங் தொடங்கிய அளவீட்டால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 315 பங்காக இருந்த இந்த வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது என்பதை அது துல்லியமாகக் காட்டும். அமேசானையும் காங்கோவையும் பிரித்துக் காட்டாது. பிற தரை நிலையங்களும் பெரும்பாலும் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும்தான் நெருங்கி இருக்கின்றன. கார்பன் மிகுதியாகப் புழங்கும் வெப்பமண்டலக் காடுகளில் அவை அரிது.

அந்த இடைவெளியை அடைக்கவே செயற்கைக்கோள்கள் போயின. நாசாவின் ஓசிஓ-2 பூமியிலிருந்து 705 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. அது அளப்பது காற்றை அல்ல, ஒளியை. சூரிய ஒளி வளிமண்டலத்தைக் கடந்து தரையில் பட்டு, மறுபடி அதே வளிமண்டலத்தைக் கடந்து மேலே வருகிறது. வழியில் கார்பன் டை ஆக்சைடு தனக்கே உரிய சில அலைநீளங்களை மட்டும் விழுங்கிவிடும். திரும்பி வந்த ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால், விழுங்கப்பட்ட இடங்கள் கடைச் சரக்கில் அச்சிட்ட பார்கோடு போலக் கறுப்புக் கோடுகளாகத் தெரியும். கோடு ஆழமாக இருந்தால் வாயு அதிகம்.

ஆனால் கோடு ஆழமாவதற்கு வேறு காரணமும் இருக்கலாம். பள்ளத்தாக்கின் மேல் காற்று அதிகம், மலையின் மேல் குறைவு. ஒளி கடந்த காற்றின் மொத்த அளவு தெரியாமல் கணக்கு நிற்காது. இங்கே கைகொடுப்பது ஆக்சிஜன். உலர்ந்த காற்றில் அது எங்கும் 20.95 சதவீதம். அதனால் ஓசிஓ-2 மூன்று அலைவரிசைகளைப் பார்க்கிறது: 1.61, 2.06 மைக்ரான்களில் கார்பன் டை ஆக்சைடு, 0.76 மைக்ரானில் ஆக்சிஜன். இரண்டு வாயுக்களின் விகிதம்தான் விடை. இந்த முழுத் திட்டத்திலும் எனக்கு மிக அழகாகப் படுவது இந்த யோசனைதான்.

தேவைப்படும் துல்லியம் அசரவைப்பது. ஒரு பெருநகரத்தின் மொத்தப் புகையும் சேர்ந்து, தரையிலிருந்து விண்வெளி வரையுள்ள காற்றுத் தூணின் சராசரியைச் சில பங்குகள்தான் உயர்த்தும். 420-இல் ஒன்று கூடியதா குறைந்ததா என்று சொல்ல, பிழை கால் சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மெல்லிய மேகமோ தூசியோ குறுக்கே வந்தாலே கணக்கு கெட்டுவிடும். ஓசிஓ-2 நாளொன்றுக்கு ஏறத்தாழ பத்து லட்சம் அளவீடுகள் எடுத்தாலும், வடிகட்டிய பின் தேறுவது சுமார் பத்தில் ஒன்று. தேறியவையும் அப்படியே ஏற்கப்படுவதில்லை. சூரியனை நேராக நோக்கி இதே வாயுவை அளக்கும் டிக்கான் என்ற தரை நிலைய வலையமைப்போடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறார்கள்.

ஓசிஓ-2-இன் முன்னோடியான ஓசிஓ, 2009 பிப்ரவரி 24-இல் ராக்கெட்டின் முகப்புக் கவசம் பிரியாமல் போனதால் அண்டார்டிகா அருகே கடலில் விழுந்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் இதே வேலைக்கான ஜப்பானின் இபுகி செயற்கைக்கோள் விண்ணில் ஏறியிருந்தது. அமெரிக்கர்கள் மீண்டும் கட்டி, 2014 ஜூலை 2-இல் ஓசிஓ-2-ஐ அனுப்பினார்கள்.

அடுத்த ஆண்டே எல் நினோ வந்தது. 2011-உடன் ஒப்பிட்டால், 2015-இல் வெப்பமண்டல நிலப்பகுதிகள் சுமார் 250 கோடி டன் கார்பனைக் கூடுதலாகக் காற்றில் விட்டிருந்தன. மூன்று கண்டங்களிலும் நடந்தது ஒன்றல்ல என்பதே முக்கியமான கண்டுபிடிப்பு. தென் அமெரிக்காவில் வறட்சியால் மரங்கள் உறிஞ்சுவது குறைந்தது. ஆப்பிரிக்காவில் வெப்பம் கூடி, மக்கும் இலைதழைகள் வெளிவிடும் கார்பன் அதிகரித்தது. ஆசியாவில் இந்தோனேசியக் காட்டுத்தீ. மூன்றும் மௌனா லோவாவில் ஒரே எண்ணாகத்தான் பதிவாகும்.

ஆலைகளையும் பார்க்க முடிகிறது. போலந்தின் பெல்ஹாட்டூவ், ஐரோப்பாவின் மிகப்பெரிய நிலக்கரி மின்நிலையம். கனடா சுற்றுச்சூழல் துறை ஆய்வாளர்கள் ஓசிஓ-2, சர்வதேச விண்வெளி நிலையத்தில் பொருத்தப்பட்ட ஓசிஓ-3 ஆகியவற்றின் தரவுகளைக் கொண்டு, அதன் வெளியேற்றம் 2017 முதல் 2022 வரை எப்படி மாறியது என்று கணக்கிட்டார்கள். மின்னுற்பத்தி குறைந்ததற்கு ஏற்ப அதுவும் குறைந்திருந்தது. நாடுகள் தாமே எழுதித் தரும் கணக்கை வெளியிலிருந்து சரிபார்க்க இதுபோன்ற வழி அவசியம்.

2025-இல் அமெரிக்க அரசு முன்வைத்த பட்ஜெட் யோசனையில், இயங்கிக்கொண்டிருந்த ஓசிஓ-2, ஓசிஓ-3 ஆகிய இரு கருவிகளையும் நிறுத்துவது இடம்பெற்றது. கவலைப்பட வேண்டிய யோசனை இது. அதே ஆண்டு ஜூனில் ஜப்பான் கோசாட்-ஜிடபிள்யூ என்ற புதிய செயற்கைக்கோளை ஏவியது. சுமார் 10 கி.மீ. அகலத்தை மட்டும் பார்க்கும் ஓசிஓ-2 போலன்றி, 250 கி.மீ. அகலத்தை ஒரே வீச்சில் பார்க்கும் செயற்கைக்கோள்களை ஐரோப்பா உருவாக்கிவருகிறது. ஆனால் பழைய கருவியும் புதியதும் சில காலம் சேர்ந்து பறந்து, ஒரே இடத்தை அளந்து பார்த்தால்தான் இரண்டின் எண்களையும் ஒரே வரிசையில் வைக்க முடியும்.