முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிட்டு மறந்துட்டீங்களா? இது அவசர கேஸ் பாஸ்!

முள்ளுக்குறிச்சி வழியா கொல்லிமலைக்கு ஃபிரெண்ட்ஸோட பைக்ல ஏறுறீங்கன்னு வச்சுக்கோங்க. ஆகாய கங்கையில ஆட்டம் போட்டுட்டு, ரூமுக்கு வந்து குளிக்கும்போது முன்தோலைப் பின்னுக்குத் தள்ளி சுத்தம் பண்றீங்க. நல்ல பழக்கம்தான். ஆனா, திரும்ப முன்னாடி இழுத்துவிட மறந்துட்டு அசதியில தூங்கிடுறீங்க. காலையில பார்த்தா, மொட்டுக்குப் பின்னாடி தோல் வளையம் மாதிரி வீங்கி நிக்குது. இழுத்தாலும் வரலை. வலி வேற!

இதுக்குப் பேர் 'பாராஃபைமோசிஸ்'. சிலருக்கு முன்தோல் எப்பவுமே பின்னாடிதான் இருக்கும். அது தளர்வா, நினைச்சப்போ முன்னும் பின்னும் நகர்ந்தா கவலையே வேண்டாம். உள்ளாடை உரசி கொஞ்சம் கூசலாம், அவ்வளவுதான். தோல் இறுக்கமா இருக்கிறவங்களுக்குத்தான் சிக்கல்.

டைட்டான மோதிரத்தை விரல்ல மாட்டிக்கிட்டு, கழற்ற முடியாம முழிப்போமே, அதே கதைதான் இதுவும். மொட்டிலிருந்து திரும்ப வேண்டிய ரத்தம் முதல்ல தடைபடும். அதனால வீக்கம், வீங்க வீங்க இறுக்கம் இன்னும் கூடும். ஒருகட்டத்துல உள்ளே போகிற ரத்தமும் குறைஞ்சு, திசுக்களே அழுகிப்போகலாம். அதனால, 'ரெண்டு நாள் பார்ப்போம்' என்கிற பேச்சே இங்கே கூடாது.

மெதுவா அழுத்தி, ஓரிரு முறை முன்னாடி கொண்டுவந்து பாருங்க. வரலைன்னா உடனே மருத்துவமனைதான். மலைமேல செம்மேட்டுலயும், கீழே ராசிபுரம், நாமக்கல்லயும் அரசு மருத்துவமனைகள் இருக்கு. 'வெட்டிடுவாங்களோ'ன்னு பயந்தே பலர் தள்ளிப்போடுறாங்க. உண்மையில, மரத்துப்போக ஜெல் தடவி, சில நிமிஷம் கையால அழுத்திப் பிடிச்சு, வீக்கத்தைக் குறைச்சு, தோலை முன்னாடி கொண்டுவர்றதுதான் பெரும்பாலும் முதல் சிகிச்சை. அதுல சரியாகலைன்னாதான் தோல்ல சின்னதா ஒரு கீறல். திரும்பத் திரும்ப இப்படி ஆச்சுன்னா, முன்தோல் நீக்கம் பத்தி டாக்டர் பேசுவார்.

வீட்டுல அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ சிறுநீர்க் குழாய் போட்டிருக்கா? இதை அவசியம் கவனிங்க. குழாய் போடவோ, சுத்தம் செய்யவோ முன்தோலைப் பின்னுக்குத் தள்ளுவாங்க. வேலை முடிஞ்சதும் பழையபடி முன்னாடி விட்டாங்களான்னு பாருங்க. மறதியில அப்படியே விட்டுட்டா, பெரியவங்க கூச்சத்துல வெளியே சொல்ல மாட்டாங்க.

நேத்துவரை ஈஸியா நகர்ந்த தோல் இப்போ இறுகுது, அடிக்கடி அரிப்பு, வெடிப்புன்னா சர்க்கரை டெஸ்ட் ஒண்ணு எடுத்துடுங்க. சிலருக்கு சர்க்கரைநோய் இருக்கிறதே இப்படித்தான் தெரியவருது. தோல் இறுக்கத்துக்கு ஸ்டீராய்டு க்ரீம் உண்டு. ஆனா டாக்டர் எழுதிக் கொடுக்கணும். மெடிக்கல் ஷாப்ல நீங்களே கேட்டு வாங்காதீங்க.

மருத்துவமனைக்குப் போனா, 'அந்த இடத்துல லேசா வலி'ன்னு இழுக்காதீங்க. 'முன்தோல் பின்னாடி மாட்டிக்கிச்சு, நேத்து ராத்திரியிலிருந்து வீக்கம்'னு நேரடியா சொல்லுங்க. வரிசையில உட்கார வைக்காம உடனே பார்ப்பாங்க.