யானைத் தந்தப் பெட்டியில் போன ராஜ விண்ணப்பம்

மலாக்காவுக்கு வருபவர்கள் ஆ ஃபமோசா கோட்டை வாயிலைப் பார்க்காமல் திரும்புவதில்லை. 1511இல் இந்நகரைப் போர்த்துகீசியர் பிடித்ததற்கு அது சாட்சி. அதே போர்த்துகீசியரை நம்பிய ஓர் இலங்கை அரசரின் கதைக்கு, ஜெர்மனியில் உள்ள ஒரு தந்தப் பெட்டி சாட்சியாக இருக்கிறது.

கொழும்புக்கு அருகே இருந்தது கோட்டே இராச்சியம். 1521இல் மூன்று சகோதரர்கள் தந்தையைக் கொன்று நாட்டைப் பங்கு போட்டுக்கொண்டனர். மூத்தவரான புவனேகபாகுவுக்குக் கோட்டே கிடைத்தது. அவருக்கு ஆண் வாரிசு இல்லை. மகள் வயிற்றுப் பேரன் தர்மபாலனுக்குப் பட்டம் கட்ட விரும்பினார். சீதாவாக்கையை ஆண்ட தம்பி மாயாதுன்னையோ கோட்டேயின் மீது கண் வைத்திருந்தார்.

எனவே 1540களின் தொடக்கத்தில் புவனேகபாகு, லிஸ்பனுக்குத் தூதர்களை அனுப்பினார். பேரனின் பொன் உருவமும் அவர்களுடன் போனது. அந்த உருவத்தின் தலையில் போர்த்துகல் அரசர் மூன்றாம் ஜான் முடி சூட்டினார். பேரனோ இலங்கையிலேயே இருந்தான்.

இந்த நிகழ்ச்சி அப்பெட்டியில் செதுக்கப்பட்டுள்ளது. பொன்னும் மாணிக்கமும் நீலக்கல்லும் பதித்த அந்தப் பெட்டி இன்று மியூனிக் அரண்மனைக் கருவூலத்தில் இருக்கிறது. எழுத்தில் கேட்கும் விண்ணப்பத்தை, படமாகவும் பார்க்கும்படி சிற்பிகள் செய்துவிட்டனர்.

கோட்டேயின் தந்தச் சிற்பிகள் மகரம், அன்னம், கின்னரி போன்ற புராண உருவங்களைச் செதுக்குவதில் கைதேர்ந்தவர்கள். நம் கோயில் வாயில்களிலும் தூண்களிலும் காணும் அதே உருவங்கள்தான். ஐரோப்பிய அச்சுப் படங்கள் கைக்கு வந்தபோது அவற்றையும் பார்த்துச் செதுக்கினர். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள ராபின்சன் பெட்டியில் மரியாளின் வாழ்க்கைக் காட்சிகளும், இயேசுவின் வம்சாவளியைக் காட்டும் ஈசாய் மரமும் இருக்கின்றன. இலங்கையில் கிறிஸ்துவம் வேரூன்றத் தொடங்கிய காலம் அது. பழைய உருவங்களும் புதிய மதமும் ஒரே தந்தத்தில் இடம் பெற்றன.

உதவி கேட்டதற்கு விலை பெரிதாக இருந்தது. 1551இல் ஒரு போர்த்துகீசியரின் துப்பாக்கிக் குண்டுக்கு புவனேகபாகு பலியானார். பட்டம் ஏறிய தர்மபாலன் 1557இல் ஞானஸ்நானம் பெற்று டோம் ஜுவான் ஆனார். மக்களில் பலர் அவரை விட்டு விலகினர். 1580இல் தம் நாட்டையே போர்த்துகல் அரசருக்கு எழுதி வைத்தார். 1597இல் அவர் இறந்ததும் கோட்டே அவர்கள் கைக்குப் போனது. 1619இல் யாழ்ப்பாண இராச்சியமும் அவர்கள் வசமானது.

மலாக்காவிலும் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. நகரைப் பிடித்த அல்புகர்க்கே, தமக்கு உதவிய தமிழ் வணிகர் நைனா சாத்துவுக்குப் பெண்டாரா பதவி தந்தார். 1514இல் அது கம்பார் அரசரிடம் போய்விட்டது. நைனா சாத்துவும் அதே ஆண்டில் மறைந்தார்.

மலாக்கா 1641இல் டச்சுக்காரர் வசமானது. இலங்கையில் இருந்தும் 1658இல் போர்த்துகீசியர் வெளியேறினர். கோட்டே அரச வம்சம் மீளவில்லை. பேரனுக்கு முடி கேட்டுப் பாட்டனார் அனுப்பிய பெட்டி மட்டும் பழுதில்லாமல் மிஞ்சியிருக்கிறது.