சங்கமும் ஆயுளும்

சங்கத்திலோ குழுவிலோ சேர்ந்திருப்பது ஒருவருடைய ஆயுளைக் கூட்டுமா என்ற கேள்வியை எண்களைக் கொண்டு அணுகிய ஆய்வுகளில் புகழ்பெற்றது, அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தின் அலமீடா வட்டாரத்தில் நடந்தது. 1965இல் அங்கே 6,928 பேரிடம் நீண்ட கேள்வித்தாள் ஒன்று தரப்பட்டது. புகை, குடி, தூக்கம், உடல் எடை பற்றிய கேள்விகளோடு, திருமணமானவரா, நண்பர்களையும் உறவினர்களையும் அடிக்கடி பார்ப்பதுண்டா, தேவாலய உறுப்பினரா, வேறு ஏதாவது சங்கத்தில் இருக்கிறாரா என்றும் கேட்டிருந்தார்கள். ஒன்பது ஆண்டுகள் கழித்து இவர்களில் யார் யார் இறந்திருக்கிறார்கள் என்று பார்த்து, லிசா பெர்க்மன், லெனார்ட் சைம் ஆகிய இருவரும் 1979இல் முடிவை வெளியிட்டார்கள். இத்தகைய தொடர்புகள் மிகக் குறைவாக உள்ளவர்களின் இறப்பு விகிதம், தொடர்புகள் நிறைந்தவர்களுடையதைப்போல ஆண்களில் 2.3 மடங்காகவும் பெண்களில் 2.8 மடங்காகவும் இருந்தது. புகை, குடி, வருமானம், தொடக்கத்தில் சொல்லியிருந்த உடல்நிலை எல்லாவற்றையும் கணக்கில் கொண்ட பிறகும் இந்த இடைவெளி மறையவில்லை.

நான்கு வகைத் தொடர்புகளில் அதிக எடை பெற்றவை திருமணமும் நட்பும்தான். தேவாலயமும் சங்கங்களும் அவற்றுக்குப் பிறகே வந்தன. சங்கச் செயலாளர்கள் இதற்காக மனம் தளர வேண்டியதில்லை. பள்ளி, கல்லூரி நாள்கள் முடிந்த பிறகு புது நட்பு பிறக்கும் இடங்கள் பலருக்கும் இரண்டு மூன்றே உண்டு. சங்கக் கூட்டம் அவற்றில் ஒன்று.

2010இல் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டட் குழுவினர் உலகெங்கும் நடந்த இதேபோன்ற 148 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பற்றிய தகவல் அதில் இருந்தது. வலுவான சமூகத் தொடர்புகள் உள்ளவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் அதிகம் என்பது அதன் சாரம். புகைபிடிப்பதை நிறுத்துவதால் வரும் நன்மையோடு இதை ஒப்பிடலாம் என்று அவர்கள் எழுதினார்கள்.

இந்த ஆய்வுகள் எல்லாவற்றின் மீதும் ஒரே சந்தேகம் உண்டு, அது நியாயமானதும்கூட. மூட்டுவலிக்காரர் கூட்டத்துக்குப் போகமாட்டார். மனச்சோர்வில் இருப்பவர் சந்தா கட்டமாட்டார். ஆரோக்கியமாக இருப்பவர்தான் நாலு இடம் போகிறார் என்றால், சங்கம் ஆயுளைத் தருகிறதா, ஆரோக்கியம் சங்கத்துக்கு ஆள் அனுப்புகிறதா? ஆள்களைக் கவனித்துக்கொண்டே இருப்பதால் மட்டும் இந்தச் சிக்கல் அவிழாது.

அமெரிக்க உளவியலாளர் ஷெல்டன் கோஹன் 1997இல் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தார். 18 முதல் 55 வயது வரையுள்ள ஆரோக்கியமான 276 பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் மூக்கில் ஜலதோஷக் கிருமியைச் சொட்டுமருந்துபோல விட்டு, வெளியாள் தொடர்பில்லாமல் சில நாள் தங்கவைத்தார். யாருக்குச் சளி பிடித்தது என்பதை அவரவர் சொல்வதை வைத்து மட்டும் முடிவு செய்யவில்லை. மூக்குச் சிந்திய காகிதக் கைக்குட்டைகளைப் பைகளில் சேகரித்துத் தராசில் நிறுத்தார்கள். உடலில் நோயெதிர்ப்புப் பொருள் கூடியிருக்கிறதா என்று இரத்தத்திலும் பார்த்தார்கள். அவர்களுடைய உறவுகளை மனைவி அல்லது கணவர், பெற்றோர், அண்டை வீட்டார், உடன் வேலை செய்பவர், தொண்டுப்பணித் தோழர், சமயக் குழு, சமயம் சாராத குழு முதலிய பன்னிரண்டு வகையாகப் பிரித்திருந்தார்கள். ஆறும் அதற்கு மேலும் வகைகள் உள்ளவர்களோடு ஒப்பிட்டால், மூன்றும் அதற்குக் குறைவாகவும் உள்ளவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்குச் சற்று அதிகமாக இருந்தது. ஒரே வகையில் எத்தனை பேரைத் தெரியும் என்பதைவிட, எத்தனை வகையில் தெரியும் என்பதே முக்கியமாகத் தெரிந்தது. கிருமி எல்லாருக்கும் ஒரே அளவில் போனதால், வெளியே அலைந்து தொற்று வாங்கிக்கொண்டார்கள் என்று சொல்ல வழியில்லை. ஆனாலும் உறவு வகைகளை ஆய்வாளர் பங்கிட்டுத் தரவில்லை. அவை ஏற்கெனவே இருந்தவை. சந்தேகம் பாதிதான் தீர்ந்தது.

மீதிப் பாதியைத் தீர்க்க வேண்டுமானால், குலுக்கல் முறையில் சில ஊர்களுக்குக் குழு அமைத்துக் கொடுத்து, சில ஊர்களை அப்படியே விட்டு, பிறகு இரண்டையும் ஒப்பிட வேண்டும். அதைச் செய்தவர்கள் தெற்காசியாவில் இருந்தார்கள்.

நேபாளத்தின் மக்வான்பூர் மலை மாவட்டத்தில் அன்று பெரும்பாலான பிரசவங்கள் வீட்டிலேயே நடந்தன. அங்கே 24 கிராமப் பகுதிகளை எடுத்து, 12 பகுதிகளில் மட்டும் பெண்கள் குழுக்கள் அமைக்கப்பட்டன. சுகாதார நிலையங்களைச் சீராக்கும் வேலை இரண்டு பக்கத்திலும் ஒன்றுபோல நடந்ததால், வித்தியாசம் குழுக்கள் மட்டுமே. குழுவை நடத்தியவர் நர்ஸோ மருத்துவரோ அல்லர். அந்தந்தப் பகுதியைச் சேர்ந்த, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பெண். அவர் மாதம் ஒன்பது கூட்டங்களைக் கூட்டினார். பாடம் நடத்தவில்லை. பிரசவத்தில் என்னென்ன கெடுதல் நேர்கிறது என்று பெண்களே பேசி, எதை முதலில் சரிசெய்வது என்று அவர்களே முடிவெடுத்து, செய்து, விளைந்ததா என்று அவர்களே பார்த்தார்கள். அவசரத்துக்குப் பொது நிதி சேர்த்த குழுக்கள் உண்டு. கர்ப்பிணியைத் தூக்கிச் செல்ல ஸ்ட்ரெச்சர் ஏற்பாடு செய்தவை உண்டு. சுத்தமான பிளேடு, நூல் கொண்ட பிரசவப் பொட்டலங்களைத் தயாரித்து விற்றவையும் உண்டு.

2004இல் வெளியான முடிவு: குழு இல்லாத பகுதிகளில் உயிரோடு பிறந்த 1,000 குழந்தைகளில் 36.9 குழந்தைகள் முதல் மாதத்துக்குள் இறந்தன. குழு இருந்த பகுதிகளில் அது 26.2. தாய்மார் இறப்பு அங்கே 11, இங்கே 2. எண்ணிக்கை சிறியது என்பதால் ஆய்வாளர்களே அதை எச்சரிக்கையோடு சொன்னார்கள். இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. குழு இருந்த பகுதிகளில்கூட, கூட்டத்துக்கு ஒருமுறையாவது வந்த கர்ப்பிணிகள் 37 சதவீதம் பேர்தான். ஆனால் கணக்கெடுத்தது வந்தவர்களுடைய குழந்தைகளை மட்டும் அல்ல, அந்தப் பகுதியில் பிறந்த எல்லாக் குழந்தைகளையும். குழுவில் பேசியது மாமியார், ஓரகத்தி, பக்கத்து வீடு என்று பரவி, கூட்டத்தின் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள் வீட்டுக்கும் போயிருக்கிறது.

இதே முறையை ஜார்க்கண்ட், ஒடிசா எல்லையில் உள்ள மூன்று மாவட்டங்களில் ஏக்ஜுட் என்ற அமைப்பு செய்துபார்த்தது. இங்கே பெரும்பாலும் புதுக் குழு தொடங்க வேண்டியிருக்கவில்லை. சேமிப்புக்காக ஏற்கெனவே இயங்கிவந்த மகளிர் குழுக்களே, அதாவது தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரியில் தொடங்கிப் பரவிய சுய உதவிக் குழுக்களைப் போன்றவையே, பிரசவம் பற்றியும் பேசத் தொடங்கின. ஒரு தாய்க்கோ சிசுவுக்கோ நேர்ந்ததைக் கதையாகச் சொல்வார்கள். குழந்தை இறந்தது. ஏன்? உடம்பு சில்லிட்டது. ஏன் சில்லிட்டது? பிறந்ததும் துடைத்துப் போர்த்தவில்லை. ஏன் போர்த்தவில்லை? நஞ்சுக்கொடி விழும்வரை தரையிலேயே கிடத்தியிருந்தார்கள். இப்படி 'ஏன்' என்று கேட்டுக்கொண்டே போனால், கடைசியில் யாராவது ஒருவர் கையில் மாற்றக்கூடிய ஒரு காரியத்தில் வந்து நிற்கும். மூன்று ஆண்டுகளில் பச்சிளங்குழந்தை இறப்பு 32 சதவீதம் குறைந்தது. மூன்றாவது ஆண்டில் தாய்மாரிடையே மிதமான அளவு மனச்சோர்வும் 57 சதவீதம் குறைந்திருந்தது. மருத்துவமனைக்குப் போவது பெரிதாகக் கூடவில்லை. மாறியது வீட்டுக்குள் நடந்தது: பிரசவம் பார்ப்பவர் கை கழுவுவது, பிளேடையும் நூலையும் கொதிக்கவைப்பது போன்றவை.

இதை வெற்றிக்கதையாகவே சொல்லி முடித்துவிட முடியாதபடி வங்காளதேசம் குறுக்கே வந்தது. அங்கே மூன்று மாவட்டங்களில் அதே முறையில் குழுக்கள் அமைத்தும் 2010இல் வந்த முடிவில் பலன் எதுவும் தெரியவில்லை. காரணம் எளியது. ஜார்க்கண்டில் 468 பேருக்கு ஒரு குழு. வங்காளதேசத்தில் 1,414 பேருக்கு ஒன்று. பிறகு அதே மாவட்டங்களில் 309 பேருக்கு ஒரு குழு என்று நெருக்கமாக அமைத்தபோது, இறப்பு 38 சதவீதம் குறைந்ததாக 2013இல் தெரிந்தது. இப்படிப்பட்ட ஏழு ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததிலும் அதே செய்திதான். மொத்தத்தில் பச்சிளங்குழந்தை இறப்பு 23 சதவீதம் குறைந்தது; கர்ப்பிணிகளில் 30 சதவீதத்துக்குக் குறையாமல் பங்கெடுத்த இடங்களில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 2014இல் உலக சுகாதார நிறுவனம் இம்முறையைப் பரிந்துரைத்தது. பெயருக்கு ஒரு குழு, ஊர்க்கோடியில் ஒரு பலகை என்று இருந்தால் காசுதான் வீண்.

குழு எப்படி வேலை செய்கிறது என்பதற்குப் பல விடைகள் உண்டு. எதுவும் தனியாகப் போதாது. தகவல் கிடைக்கிறது என்பது முதல் விடை. 1973இல் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், வேலை தேடுகிறவருக்குப் புதுச் செய்தி நெருங்கிய நண்பரிடமிருந்து வருவதைவிட அரைகுறைப் பழக்கமுள்ளவரிடமிருந்தே அதிகம் வருகிறது என்று காட்டினார். நெருங்கியவருக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரியும். மாதம் ஒருமுறை பார்க்கிற சங்கத்து ஆள் வேறொரு வட்டத்திலிருந்து வருகிறவர்.

இரண்டாவது விடை உடம்பைச் சார்ந்தது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் படகோட்டிகள் பன்னிரண்டு பேரை, துடுப்புப் பயிற்சி எந்திரத்தில் ஒருமுறை தனித்தனியாகவும் ஒருமுறை கூட்டாக ஒரே தாளத்திலும் ஓட்டவைத்தார்கள். இரண்டிலும் உழைப்பு ஒன்றுதான். பிறகு கையில் இரத்த அழுத்தப் பட்டையை இறுக்கிக்கொண்டே போய், எப்போது வலி தாங்கவில்லை என்று சொல்கிறார்கள் என்று குறித்தார்கள். கூட்டாகத் துடுப்பு வலித்த நாளில் வலி தாங்கும் திறன் கூடுதலாக உயர்ந்தது. உடலே சுரக்கும் எண்டார்ஃபின் இதற்குக் காரணம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். பன்னிரண்டு பேரை வைத்து உலகத்துக்குச் சட்டம் எழுத முடியாது. ஆனால் நாற்று நடும்போதும் வலை இழுக்கும்போதும் ஏன் பாட்டு என்று யோசிப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது.

மூன்றாவது, உதவி பெறுகிறவரே உதவி செய்கிறவராக மாறுவது. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கிய மதுவை விட்டவர்களின் குழுக்கள் இதன் மேல்தான் நிற்கின்றன. அங்கே சம்பளம் வாங்கும் ஆலோசகர் கிடையாது. ஓராண்டுக்கு முன் குடியை விட்டவர், நேற்று விட்டவரைக் கவனித்துக்கொள்கிறார். இந்தக் குழுக்கள் பற்றிய 27 ஆய்வுகளைத் தொகுத்த 2020ஆம் ஆண்டு மதிப்பீடு, குடியை முற்றாக விடுவதில் இம்முறை மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட மேலாக அமையக்கூடும் என்று கண்டது.

தனிமனிதரைத் தாண்டி ஊருக்கு என்ன நன்மை என்பது பேரிடர் நேரத்தில் பளிச்சென்று தெரியும். 1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபே நகரை நிலநடுக்கம் உலுக்கி 6,400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது, பல இடங்களில் தீ பரவியது; தண்ணீர்க் குழாய்கள் உடைந்திருந்தன. மானோ என்ற பகுதியில் மக்களே வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் கொடுத்துத் தீயை அடக்கினார்கள். அருகிலிருந்த மிகுரா பகுதியில் ஜனங்கள் தீயணைப்பு வண்டியை எதிர்பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள். இந்த வேறுபாட்டை எழுதிய டேனியல் ஆல்ட்ரிச் தரும் விளக்கம், மானோ மக்கள் 1960களிலிருந்தே ஆலைப் புகைக்கு எதிராகச் சங்கம் அமைத்து இயங்கிவந்தவர்கள் என்பது. தீயை அணைக்க வந்தவர்கள் முப்பது ஆண்டுகளாக ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகியவர்கள்.

அதே ஆல்ட்ரிச் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கடற்கரையையும் ஆராய்ந்தார். நாகப்பட்டினம் மாவட்ட மீனவ ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்து வலுவானது. யார் இறந்தார், யாருக்கு எது போனது என்ற பட்டியல் பஞ்சாயத்தாரிடம் இருந்தது. வந்த நிவாரணத்தை ஓரிடத்தில் சேர்த்துத் தலைக்கட்டுக் கணக்கில் பிரித்தார்கள். அரசும் தொண்டு நிறுவனங்களும் வந்து பேச ஓர் ஆள் இருந்ததால் அந்த ஊர்கள் சீக்கிரம் எழுந்தன. ஆனால் தலைக்கட்டு என்பது வரி கொடுக்கும் ஆண் தலைமைக் குடும்பம். கணவரை இழந்த பெண்களில் பலர் அந்தக் கணக்கில் முழுதாக வரவில்லை. பக்கத்திலேயே பாதிக்கப்பட்ட தலித் குடும்பங்களும் வெளியூரார்களும் பட்டியலிலேயே இல்லை. ஊரை எழுப்பிய அதே கட்டுக்கோப்புதான் அவர்களை வெளியே நிறுத்தியது.

இதைவிடக் கசப்பான சான்று ஜெர்மனியிலிருந்து வருகிறது. 1920களில் அங்கே பாடகர் குழு, உடற்பயிற்சிச் சங்கம், கால்நடை வளர்ப்போர் சங்கம் என்று ஊருக்கு ஊர் சங்கங்கள். சத்யநாத், ஃபோய்க்ட்லெண்டர், ஃபோத் மூவரும் 200க்கும் மேற்பட்ட நகரங்களை எடுத்துக்கொண்டு 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, சங்கங்கள் அடர்ந்த நகரங்களில்தான் நாஜிக் கட்சிக்கு ஆள் வேகமாகச் சேர்ந்தது. கட்சிக்காரர் பாடகர் குழுவில் இருந்தார். பக்கத்தில் பாடியவரைக் கூட்டத்துக்கு அழைத்தார், அவ்வளவுதான். அரசாங்கம் நிலையாக இருந்த பிரஷ்யாவில் மட்டும் இந்தத் தொடர்பு பலவீனமாக இருந்தது.

ஆக, சங்கம் எத்தனை என்பதோடு, அதற்குள் யார் யார் சேர்ந்து உட்காருகிறார்கள் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. இந்தக் கேள்வியை இந்தியாவில் கேட்டவர் அசுதோஷ் வார்ஷ்ணேய். 1950 முதல் 1995 வரை நடந்த இந்து, முஸ்லிம் கலவரங்களைத் தொகுத்து, கலவரம் மூளும் அலிகார், மூளாத கோழிக்கோடு என்று நகரங்களை ஜோடி ஜோடியாக ஒப்பிட்டார். வதந்தி இரண்டு ஊரிலும் கிளம்பியது. கோழிக்கோட்டில் வணிகர் சங்கம், தொழிற்சங்கம், வாசகசாலை எல்லாவற்றிலும் இரு சமூகத்தாரும் கலந்திருந்தார்கள். கலவரம் வந்தால் கடை மூடும், கூலி போகும் என்பது இருவருக்கும் ஒரே கவலை. வதந்தியை அன்றைக்கே விசாரித்து அடக்க ஆள் இருந்தது. அலிகாரில் சங்கங்களுக்குக் குறைவில்லை, ஆனால் அவரவர் சங்கம் அவரவருக்கு. பக்கத்து வீட்டில் சாப்பிடுவது, பிள்ளைகள் சேர்ந்து விளையாடுவது போன்ற அன்றாடப் பழக்கம் கிராமத்தில் அமைதி காக்கப் போதும் என்றும், ஆயிரக்கணக்கானோர் முகம் தெரியாமல் வாழும் நகரத்தில் அது போதாது, அங்கே இரு தரப்பும் உறுப்பினராக உள்ள சங்கம் வேண்டும் என்றும் வார்ஷ்ணேய் கண்டார்.