ஸ்கேனுக்கு முன்னால் ஒரு அவரைச் செடி

எலும்பு ஸ்கேன் எடுக்கப் போனால் முதலில் கையில் ஒரு ஊசி போடுவார்கள். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி இரண்டு மூன்று மணி நேரம் உட்கார வைப்பார்கள். பிறகு கேமராவுக்குக் கீழே படுக்க வேண்டியதுதான். உள்ளே போன கதிரியக்க மருந்து எந்த எலும்பில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பது புள்ளி புள்ளியாகத் திரையில் வந்து நிற்கும். இந்த வித்தையை முதன்முதலாக எந்த உடம்பில் செய்து பார்த்தார்கள் தெரியுமா? ஒரு அவரைச் செடியின் உடம்பில்! வருஷம் 1923, ஊர் கோபன்ஹேகன்.

இதை முதலில் படித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது உங்கள் முறை. வாருங்கள், திரையை விலக்கிப் பின்பக்கம் எட்டிப் பார்ப்போம்.

மேடைக்குப் பின்னால் நிற்பவர் ஜார்ஜ் டி ஹெவெஷி. 1885-இல் புடாபெஸ்டில் பிறந்த வேதியியலாளர். தாவரச் சூழலியல், உடம்புக்குள் பார்க்கிற மருத்துவம், கதிர்வீச்சு சிகிச்சை என்று இன்று மூன்று கட்டடங்களில் மூன்று பெயர்ப்பலகை மாட்டி வைத்திருக்கிற துறைகளுக்குள் இவர் ஒரே கேள்வியோடு நுழைந்து வந்தார். உள்ளே போனது எங்கே போகிறது? எவ்வளவு நாள் தங்குகிறது? அவ்வளவுதான் கேள்வி.

கதை தொடங்குவது மான்செஸ்டரில் ஒரு அடித்தளத்தில். 1911-இல் ஹெவெஷி அங்கே ரூதர்ஃபோர்டிடம் வேலைக்குச் சேர்ந்தார். ஆஸ்திரிய அரசு அன்பளிப்பாகக் கொடுத்த ஈயம் கிலோ கணக்கில் கீழே குவிந்து கிடந்தது. அதற்குள் ‘ரேடியம் டி’ என்ற கதிரியக்கப் பொருள் கலந்திருந்தது. ஈயத்திலிருந்து அதைப் பிரித்துக் கொடு பார்க்கலாம் என்று ரூதர்ஃபோர்டு சொன்னார். ஹெவெஷி கிட்டத்தட்ட இரண்டு வருஷம் மல்லாடினார். எந்த அமிலத்துக்கும் எந்தச் சூட்டுக்கும் அது மசியவில்லை. மசியவும் மசியாது; ஏனென்றால் ரேடியம் டி என்பதே ஈயம்தான், கதிர் வீசுகிற ஈயம். ஐசோடோப்பு என்ற கருத்தே அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது.

வேறொருவர் என்றால் அந்த வேலையை அத்தோடு மூட்டை கட்டியிருப்பார். ஹெவெஷி அதைத் தலைகீழாகத் திருப்பினார். பிரிக்கவே முடியாதென்றால், ஈயம் எங்கே போகிறதோ அங்கெல்லாம் இதுவும் கூடவே போயாக வேண்டும். மந்தையில் ஓர் ஆட்டின் முதுகில் சாயம் பூசி விட்டால் மந்தை மேய்கிற திசை தெரிந்துவிடும் அல்லவா? அதே கணக்கு. 1913-இல் வியன்னாவில் ஃப்ரீட்ரிஷ் பானெத்துடன் சேர்ந்து, தண்ணீரில் கரையவே கரையாது என்று சொல்லக்கூடிய ஈய உப்புகள் உண்மையில் எவ்வளவு கரைகின்றன என்பதை இந்த வழியில் அளந்து காட்டினார்.

நடுவில் ஒரு சாப்பாட்டுக் கதையும் உண்டு. மான்செஸ்டரில் அவர் தங்கியிருந்த விடுதியில், மீந்துபோன கறியை வேறு பெயரில் மறுபடி பரிமாறுகிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம். வீட்டுக்கார அம்மா சத்தியம் செய்து மறுத்தார். ஹெவெஷி ஒருநாள் தட்டில் மிச்சம் வைத்த கறியில் துளி கதிரியக்கப் பொருளைத் தூவி வைத்தார். சில நாள் கழித்து மேஜைக்கு வந்த பண்டத்தை, கதிரியக்கத்தைக் காட்டும் எலக்ட்ரோஸ்கோப்பில் காட்டினார். கருவி காட்டிக் கொடுத்துவிட்டது! இந்தச் சம்பவத்தைப் பின்னாளில் அவரே சொல்லி மகிழ்ந்திருக்கிறார்.

இனி அவரைச் செடி. ஐரோப்பாவில் காய்க்கும் பெரிய விதை ரகம், விசியா ஃபாபா. ஹெவெஷி அப்போது கோபன்ஹேகனில் இயற்பியலாளர் நீல்ஸ் போரின் நிலையத்தில் இருந்தார். ‘தோரியம் பி’ என்ற கதிரியக்க ஈயத்தைச் சாதாரண ஈய உப்பின் கரைசலில் கலந்தார். செடியின் வேரை அதில் முக்கி வைத்தார். தோரியம் பி-யின் கதிரியக்கம் 10.6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடும். ஆகவே சாவகாசமாக வேலை பார்க்க வழியில்லை. குறித்த நேரத்தில் செடியை எடுத்து, வேர், தண்டு, இலை என்று வெட்டிப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே எரித்துச் சாம்பலாக்கி, அந்தச் சாம்பலை எலக்ட்ரோஸ்கோப்புக்குக் கீழே வைக்க வேண்டும். மின்னூட்டத்தால் விலகி நிற்கும் மெல்லிய உலோக இதழ் மெதுவாகச் சரியும். சீக்கிரம் சரிந்தால் அந்தப் பாகத்தில் ஈயம் அதிகம். தயங்கித் தயங்கிச் சரிந்தால் குறைவு. கேமரா கிடையாது, திரை கிடையாது. சரிகிற இதழும் கையில் கடிகாரமும்தான்.

தெரிய வந்தது என்ன? ஈயத்தில் பெரும்பகுதி வேரிலேயே நின்றுவிடுகிறது. இலைக்குப் போவது சொற்பம். கரைசல் நீர்த்துப் போகப் போக, அதிலுள்ள ஈயத்தில் வேர் இழுத்துக்கொள்ளும் பங்கு கூடுகிறது. இதைவிட எனக்குப் பிடித்தது அடுத்த கட்டம். அடையாளமிட்ட ஈயம் ஏறிய வேரைச் சாதாரண ஈயக் கரைசலில் வைத்தால், பழைய ஈயம் வெளியே வந்து புதியது உள்ளே போகிறது! உயிருள்ள வேருக்குள் அணுக்கள் இடம் மாறிக்கொண்டே இருப்பதை ஒரு மனிதர் முதன்முதலாக அளந்து பார்த்த தருணம் அது. ஈயம் நஞ்சாயிற்றே, செடி சாகாதா என்று கேட்கலாம். கதிரியக்கத்தை அளக்கும்போது மிக மிகச் சொற்ப அளவே போதும் என்பதால் நஞ்சு ஏறாமல் பார்க்க முடிந்தது. இன்று மருத்துவமனையில் நமக்குப் போடும் ஊசிக்கும் இதே நியாயம்தான்: உடம்பு அதன் வேலையைத் தடங்கலின்றிச் செய்ய வேண்டும், நாம் வேடிக்கை மட்டும் பார்க்க வேண்டும்.

செடிக்கு அடுத்தது விலங்கு. 1924-இல் கதிரியக்க பிஸ்மத்தைக் கொண்டு இதே ஆராய்ச்சி நடந்தது. ஆனால் ஈயமும் பிஸ்மத்தும் உடம்புக்கு அந்நியமானவை. உடம்பு தானாகவே புழங்குகிற ஒரு தனிமத்துக்குச் சாயம் பூச முடிந்தால்? அதற்குப் பத்து வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. செயற்கைக் கதிரியக்கம் 1934-இல் வந்தது. 1935-இல் நீல்ஸ் போரின் 50-ஆவது பிறந்தநாளுக்கு என்ன பரிசு கொடுக்கலாம் என்று யோசித்த ஹெவெஷி, டென்மார்க்கில் நன்கொடை திரட்டி 600 மில்லிகிராம் ரேடியம் வாங்கிக் கொடுத்தார். பிறந்தநாள் பரிசாக ரேடியம்! அதை பெரிலியத்தோடு கலந்து நியூட்ரான் ஊற்றாக்கி, கந்தகம் உள்ள கார்பன் டைசல்ஃபைடு திரவத்தில் வைத்தால் கந்தகத்தில் ஒரு பகுதி பாஸ்பரஸ்-32 ஆக மாறும். பின்னால் பெர்க்லியில் சைக்ளோட்ரான் வைத்திருந்த எர்னெஸ்ட் லாரன்ஸ் இன்னும் வலுவான பாஸ்பரஸைத் தபாலிலேயே அனுப்பி உதவினார்.

பாஸ்பரஸ்-32 பாதியாகக் குறைய இரண்டு வாரம் ஆகும். அவசரமில்லாமல் பார்க்கலாம். கீவிட்ஸ் என்ற மருத்துவரோடு சேர்ந்து எலிகளுக்கு அதைக் கொடுத்தார். 1935-இல் வந்த அந்தச் சிறு கட்டுரை எலும்பைப் பற்றிய நினைப்பையே புரட்டிப் போட்டது. வளர்ந்து முடிந்த எலும்பு கல்லைப் போல் சும்மா கிடக்கிறது என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். ஆனால் எலும்பு ஓயாமல் பாஸ்பரஸை உள்ளே வாங்கி, பழையதை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. எலியின் உடம்பில் ஒரு பாஸ்பரஸ் அணு சராசரியாகத் தங்குவது சுமார் இரண்டு மாதம் என்று காட்டினார்கள். இன்றைய எலும்பு ஸ்கேனில் டெக்னீசியத்தைப் பாஸ்பரஸ் உள்ள ஒரு சேர்மத்தில் கோத்து அனுப்புகிறார்களே, அது வேலை செய்வதும் எலும்பின் இந்தத் தீராத பசியால்தான்.

எலும்பில் கண்டதை உடனே செடிக்குத் திருப்பிக் கொண்டுபோனார் என்பதுதான் ஹெவெஷியின் அழகு. 1936-இல் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தைச் சேர்ந்த லின்டர்ஸ்ட்ராம்-லாங், கார்ஸ்டன் ஓல்சன் இருவரோடும் மக்காச்சோளம், சூரியகாந்தி மீது வேலை செய்தார். ஓல்சன், மண்ணின் அமிலத்தன்மைக்கும் அங்கே வளரும் செடிகொடிகளுக்கும் உள்ள உறவை ஆராய்ந்தவர். இலையிலும் அதே கதைதான். வளர்ச்சி முடிந்த இலைக்குள்ளும் புதுப் பாஸ்பரஸ் வருகிறது, பழையது கிளம்பிக் குருத்துக்குப் போகிறது. எலும்பும் இலையும் ஒரே பாடத்தைச் சொல்வதை ஒரே ஆள் கண்டது துறை தாண்டிப் போனதால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

போர் வந்தது. 1940-இல் ஜெர்மன் படை கோபன்ஹேகனுக்குள் நுழைந்தபோது, மாக்ஸ் ஃபான் லாவ, ஜேம்ஸ் ஃபிராங்க் இருவரின் நோபல் பதக்கங்கள் நீல்ஸ் போரின் நிலையத்தில் இருந்தன. பெயர் பொறித்த தங்கம். கிடைத்தால் ஜெர்மனியில் இருந்த லாவவின் தலைக்கே ஆபத்து. ஹெவெஷி அவற்றை ராஜதிராவகத்தில் கரைத்து அலமாரியில் வைத்துவிட்டார். யாரும் தொடவில்லை. போர் முடிந்தபின் அந்தத் தங்கத்தை மீட்டு, நோபல் அறக்கட்டளை புதுப் பதக்கம் வார்த்துக் கொடுத்தது.

மூன்றாவது துறைக்கு வருவோம். ஹான்ஸ் ஃபான் ஆய்லருடன் சேர்ந்து, எலிகளில் வளரும் ஜென்சன் சார்கோமா கட்டிகளுக்கு எக்ஸ் கதிர் கொடுத்தார். உடனே பாஸ்பரஸ்-32 செலுத்தி, கட்டி புதிதாக எவ்வளவு டி.என்.ஏ. செய்கிறது என்று பார்த்தார். அந்த அளவு வெகுவாகச் சரிந்திருந்தது. இது 1942-இல் வெளியானது. மரபுப் பொருள் டி.என்.ஏ.தான் என்று ஆஸ்வால்டு ஏவரி குழு காட்டியதே 1944-இல்! செல் பெருகத் தேவையான பொருளைச் செய்யும் வேலையைக் கதிர் தடுக்கிறது என்று அவர்கள் அதற்கு முன்பே அளந்து வைத்துவிட்டார்கள். இன்னொரு பக்கம் பெர்க்லியில், எர்னெஸ்ட் லாரன்ஸின் தம்பி டாக்டர் ஜான் லாரன்ஸ் அதே பாஸ்பரஸ்-32-ஐ ரத்தப் புற்றுநோயாளிகளுக்கு மருந்தாகவே கொடுக்கத் தொடங்கியிருந்தார். தடம் காட்டுவதே சிகிச்சையும் ஆனது. தைராய்டுக்குக் கொடுக்கும் அயோடின்-131 இன்றும் அந்த இரண்டு வேலையையும் செய்கிறது.

1943-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் ஹெவெஷிக்குக் கிடைத்தது.

இப்போது வண்டி எதிர்த்திசையிலும் ஓடுகிறது. ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்தில் செடிகளுக்கென்றே பெட் ஸ்கேனர் கட்டியிருக்கிறார்கள். கார்பன்-11 உள்ள கரியமில வாயுவை இலைக்குக் கொடுத்து, அது சர்க்கரையாகி வேருக்கு இறங்குவதைப் படமாகப் பார்க்கிறார்கள். அந்தக் கார்பன் 20 நிமிடத்தில் பாதியாகிவிடும்! இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில், சி.டி. ஸ்கேனைத் தந்த காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரில் ஒரு கூடம் இருக்கிறது. அங்கே பூந்தொட்டியை ஸ்கேனருக்குள் வைத்து, பிடுங்காமலே மண்ணுக்குள் வேர் ஓடும் வழியைப் பார்க்கிறார்கள். ஈர மண்ணும் வேரும் எக்ஸ் கதிருக்கு ஏறக்குறைய ஒன்றுபோல் தெரிவதால், வேரைத் தனியே பிரித்தெடுக்கக் கணினியில் பெரும்பாடு பட வேண்டியிருக்கிறது.

இதைப் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹெவெஷியின் அவரைச் செடிக் கட்டுரை ‘பயோகெமிக்கல் ஜர்னல்’ இதழின் 1923-ஆம் வருஷத் தொகுதியில் இருக்கிறது. மொத்தம் ஏழே பக்கம், இணையத்தில் இலவசம். பிளஸ் டூ வேதியியல் படித்தவருக்குப் பெரும்பாலும் புரிந்துவிடும். தாவரவியலோ மருத்துவமோ இயற்பியலோ, எந்தத் துறையில் இருந்தாலும் இந்த வாரமே அதை எடுத்துப் படியுங்கள்.