குருத்தணுவும் நுரையீரலும்

செம்பனை வளரும் உலு திராம் வட்டாரத்தில் 'குருத்து' என்னும் சொல்லின் பொருளை எவருக்கும் விளக்க வேண்டுவதில்லை. குருத்து உள்ளவரை மரம் ஓலை விடும். குருத்து அழிந்தால் மரமே பட்டுப்போகும். மனித உடலிலும் பிற உயிரணுக்களைத் தோற்றுவிக்கும் ஆற்றலுடைய அணுக்கள் உண்டு. 'ஸ்டெம் செல்' எனப்படும் அவற்றைத் தமிழில் குருத்தணு என்கிறோம். பெயர் அழகியது; ஆயினும் அப்பெயரே ஒரு மயக்கத்திற்கும் இடந்தருகிறது.

2020-ஆம் ஆண்டில் கோவிட்-19 நோய் முற்றி, நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறியோர்க்கு இவ்வணுக்களைச் செலுத்திச் சோதித்தனர். குருத்து என்றதும் புதிய நுரையீரல் முளைக்கும் என்று எண்ணத் தோன்றும். மருத்துவர் நாடியது அதுவன்று. கிருமியை எதிர்த்து எழும் உடலின் தற்காப்பே அளவு மீறி நுரையீரலைப் புண்படுத்துகிறது. எலும்பு மஜ்ஜையிலிருந்தோ தொப்புள்கொடியிலிருந்தோ எடுத்து வளர்த்த குருத்தணுக்கள், இரத்தக் குழாய் வழியே நுரையீரலை அடைந்து, அக்கொந்தளிப்பைத் தணிக்கும் பொருள்களைச் சுரக்கின்றன. பின்னர் விரைவிலேயே மறைந்துவிடுகின்றன.

கொந்தளிப்பைத் தணிப்பது உயிரைக் காக்குமா? ஒரு வரிசை மரங்களுக்கு உரமிட்டு, அதே மண்ணில் மறு வரிசைக்கு இடாமல் விட்டு ஒப்பிட்டால்தான் உரத்தின் பயன் விளங்கும். மருத்துவச் சோதனையும் அத்தகையதே. எவருக்கு மருந்து என்பதைக் குலுக்கல் முறையே தீர்மானிக்கும்.

ஜகார்த்தாவில் 40 பேரிடம் இவ்வாறு சோதித்தனர். தொப்புள்கொடிக் குருத்தணு பெற்ற 20 பேரில் 10 பேர் பிழைத்தனர்; பெறாத 20 பேரில் நால்வரே பிழைத்தனர். 2021-இல் வெளிவந்த இம்முடிவு நம்பிக்கை ஊட்டியது. ஆனால், அமெரிக்காவில் மஜ்ஜைக் குருத்தணுவை 222 பேரிடம் சோதித்தபோது, பெற்ற 112 பேரில் 42 பேரும், பெறாத 110 பேரில் 47 பேரும் 30 நாள்களுக்குள் மாண்டனர். இச்சிறு வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியது. 300 பேரைச் சேர்க்க எண்ணியிருந்தும், பயன் தென்படாமையால் 2020 டிசம்பரில் ஆள்சேர்ப்பை நிறுத்தினர்.

அதே ஆண்டில், நெடுநாள் பழகிய மலிவான டெக்சாமெதசோன் மருந்து, பிரிட்டனில் 6,000-க்கும் மேற்பட்டோரை ஒப்பிட்ட சோதனையில் வென்றது. செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரின் இறப்பை அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. புதுமை வேறு, பயன் வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

குருத்தணுவைப் பயனற்றதென்று தள்ளவேண்டுவதில்லை, ஆராய்ச்சி தொடர்கிறது. ஆயினும், மெய்ப்பிக்கப்படாத குருத்தணுச் சிகிச்சையைப் பெருந்தொகைக்கு விற்போர் பல நாடுகளிலும் உளர். நகையை அடகு வைக்குமுன், “எத்தனை பேரிடம், எவரோடு ஒப்பிட்டுச் சோதித்தீர்கள்?” என்று கேட்டல் வேண்டும். குருத்தணு என்னும் சொல்லை மாணாக்கர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இக்கேள்வியையும் உடன் கற்பித்தல் நன்று.